பள்ளி தேடும்போது நாலாம் வகுப்பை எட்டிப் பாருங்கள்

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு ஐந்தரை வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்களாம். இரண்டு மூன்று வார்த்தைகள் சேர்த்துப் பேசுகிறான், எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டான், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. இரண்டு பள்ளிகள் "ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்களேன்" என்று அனுப்பிவிட்டன. மூன்றாவது பள்ளி, வகுப்பில் அவன் கூடவே இருந்து உதவும் ஷேடோ டீச்சருக்கு நீங்களே சம்பளம் கொடுத்தால் சேர்க்கிறோம் என்கிறது. இவனை நிஜமாகவே சேர்த்துக்கொள்ளும் பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அவர் கேள்வி.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. பதினேழு வருடமாக இந்த வேலை. அதில் பாதி, பெற்றோருக்குத் துணையாகப் பள்ளிப் படியேறி இறங்கியதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வைக்கும் 'இன்க்ளூசிவ் ஸ்கூல்' என்று போட்டிருப்பதை நம்பி வண்டி ஏறாதீர்கள். இப்போது பாதிப் பள்ளிகளின் விளம்பரத்தில் அந்த வார்த்தை இருக்கிறது, ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ் வரிசையில் அதுவும் ஒன்று. உள்ளே போய்ப் பார்த்தால், தரைத்தளத்தில் கடைசி அறை ஒன்று இருக்கும். ஏழெட்டுப் பிள்ளைகள், வயது வித்தியாசம் இல்லாமல், காலையில் வந்ததிலிருந்து மாலை வேன் ஏறும்வரை அங்கேயே. யூனிஃபார்ம் மட்டும்தான் மற்றவர்களோடு ஒன்று. அதற்கு நல்ல சிறப்புப் பள்ளியே மேல், கட்டணமாவது குறையும். தனி அறை இருப்பது தப்பில்லை. ஒரு நாளில் எத்தனை பீரியட் அந்த அறையில், எத்தனை பீரியட் தன் வகுப்பில் என்று கேளுங்கள். பதில் எண்ணாக வர வேண்டும். "அது குழந்தையைப் பொறுத்தது மேடம்" என்று மட்டும் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி: "எங்கள் பையன் மாதிரி பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இப்போது நாலாவது, அஞ்சாவதில் யாராவது படிக்கிறார்களா?" எல்.கே.ஜி.யில் எல்லாரும் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே பாதிப் பிள்ளைகள் அழுதுகொண்டும் ஓடிக்கொண்டும் இருப்பதால் நம் பிள்ளை தனியாகத் தெரியாது. மூன்றாம் வகுப்பு வந்ததும் கதை மாறும். போர்டைப் பார்த்து எழுதுவது கூடும், நோட்டுகள் கூடும், மாதத்தேர்வு வரும். அப்போதுதான் "கொஞ்ச நாள் தெரபியில் கவனம் செலுத்துங்களேன்" என்ற பேச்சு ஆரம்பிக்கும். அது டி.சி.க்கு முன்னோட்டம். ஆகவே 'சேர்த்தோம்' என்பது பெரிய விஷயமில்லை, 'இன்னும் இருக்கிறான்' என்பதுதான் பெரிய விஷயம். இருந்தான், ஆனால் போய்விட்டான் என்றால், ஏன் போனான் என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் கதையில் தப்பு முழுக்க அந்தப் பிள்ளை மேலேயே இருந்தால், இரண்டு வருடம் கழித்து உங்களைப் பற்றியும் அதே கதையைத்தான் யாரிடமோ சொல்வார்கள்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்க நேரம் கேட்டால் வகுப்பு அமைதியாக நடக்கும் நேரத்தைத்தான் தருவார்கள். நீங்கள் இன்டர்வல் நேரம், இல்லை சாப்பாட்டு நேரம் கேளுங்கள். உங்கள் பையனுக்குச் சத்தம்தான் பிரச்சினை என்கிறீர்கள். பெல் எப்படி அடிக்கிறது? கையால் அடிக்கும் மணியா, எலெக்ட்ரிக் பெல்லா, ஸ்பீக்கரா? அந்த ஸ்பீக்கர் எந்த வகுப்பு வாசலில் இருக்கிறது? காலை பிரேயரில் டிரம் அடிக்கிறார்களா? டாய்லெட் எவ்வளவு தூரம், கூட ஆயா போவாரா, உள்ளே வெளிச்சம் இருக்கிறதா? இதெல்லாம் அற்பமாகத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் பள்ளியை வெறுப்பது பாடத்தால் அல்ல, இருட்டு டாய்லெட்டால். ஒரு பையன் ஆறு மாதம் பள்ளி வாசலிலேயே கத்தினான். கடைசியில் காரணம் பார்த்தால், வகுப்பில் கிறீச்சென்று சுற்றிய ஒரு மின்விசிறி. எண்ணெய் போட்டார்கள், முடிந்தது.

ஹெச்.எம். அறையில் உட்காரும்போது, நீங்கள் கேட்பதைவிட அவர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். "உட்காருவானா? கடிப்பானா? டாய்லெட் சொல்வானா?" இதை எல்லாரும் கேட்பார்கள், நல்லவர்களும் கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களுக்கும் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியம். "கோபம் வந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்? அவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஒருவர் கேட்டால், கட்டடம் பழசாக இருந்தாலும், சிறப்பு ஆசிரியர் என்று ஒருவர் அங்கே இல்லாவிட்டாலும், அந்த இடத்தைப் பட்டியலில் வையுங்கள். வரப்போகும் வகுப்பு ஆசிரியையையும் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாளாளர் தங்கமானவராக இருக்கலாம், ஆனால் பையனோடு நாள் முழுக்க இருக்கப்போவது அந்த மிஸ்தான்.

சரி, ஷேடோ டீச்சர் விஷயம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 16-ஆம் பிரிவில், அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமில்லை, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்குத் தேவையான தனிப்பட்ட உதவியையும் தர வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிகளும் அதில் அடக்கம். தேவையான ஆளை வைக்கும் செலவைப் பெற்றோர் தலையில் கட்டுவது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே நேர் எதிர். ஆனாலும் நடைமுறையில் பலர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேறு வழியே இல்லாமல் நீங்களும் ஒத்துக்கொள்வதாக இருந்தால் இரண்டு விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். ஷேடோ டீச்சர் அவன் தோளோடு ஒட்டி உட்காரக் கூடாது. பின்னால், ஒரு பெஞ்ச் தள்ளி. ஒட்டி உட்கார்ந்தால் வகுப்பு ஆசிரியை அவனைப் பார்ப்பதையே விட்டுவிடுவார், பிள்ளைகளும் அவனோடு பேச மாட்டார்கள், ஷேடோ லீவு போட்டால் "இன்று அனுப்ப வேண்டாம்" என்று போன் வரும். இரண்டாவது, எந்த மாதத்திலிருந்து நேரத்தைக் குறைப்பது என்பது எழுத்தில் வேண்டும். முதல் டெர்ம் முழு நாள், இரண்டாவதில் கணக்கும் எழுத்தும் நடக்கும் நேரம் மட்டும், இப்படி. நிழல் என்று பெயர் வைத்தால் அது உச்சிவேளை வர வர குறைய வேண்டும்தானே.

இங்கே ஒரு யோசனை சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியைப் போய்ப் பார்த்தீர்களா? நடுத்தர வீடுகளில் அந்த எண்ணமே வருவதில்லை. ஒன்றாம் வகுப்பில் இருபது பிள்ளைகள் இருக்கும் அரசுப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. தனியாரில் நாற்பது. 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்குத் தகுந்தபடி பிரித்து, அட்டைகள், பாட்டு, செய்கைகளோடு நடத்துகிறார்கள். எல்லாரும் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வகுப்பில் நம் பிள்ளைகள் மூச்சு விடுவார்கள். அதற்கு முன்பு செயல்வழிக் கற்றல் இருந்த காலத்திலும், தரையில் வட்டமாக உட்கார்ந்து, பாட அட்டைகளைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படத்தில் தான் எந்த அட்டையில் இருக்கிறோம் என்று தானே பார்த்துக்கொள்ளும் அந்த முறையில் சில ஆட்டிசப் பிள்ளைகள் அழகாகப் பொருந்திப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அந்தந்த வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், உங்கள் பள்ளிக்கு வரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றுகிறார், தினமும் வர மாட்டார். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. நடைமுறையில் நிலைமை அதிலிருந்து வெகு தூரம். எப்படியும் வட்டார வள மையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த ஹெச்.எம். இப்படிப்பட்ட பிள்ளைகளை மனதாரப் பார்த்துக்கொள்கிறார் என்பது அங்கே இருப்பவர்களுக்கு அத்துப்படி. இணையத்தில் தேடினால் கிடைக்காத தகவல் அது.

அந்த இரண்டு பள்ளிகள் மறுத்தது பற்றி. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 வரை அபராதம். இதை எடுத்த எடுப்பில் சண்டையாகப் பேச வேண்டாம். "சரிங்க, சேர்க்க முடியாது என்பதை ஒரு கடிதமாகக் கொடுத்துவிடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். பாதிப் பள்ளிகள் அந்த இடத்திலேயே "உட்காருங்க, பேசலாம்" என்பார்கள். கொடுக்காவிட்டால் நீங்களே நாள், நேரம், யார் என்ன சொன்னார் என்று எழுதிப் பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் கொடுக்கலாம். கொடுங்கள் என்றே சொல்வேன், அடுத்து வரும் பிள்ளைக்கு உதவும். ஆனால் புகார் கொடுத்து வாங்கிய இடத்தில் உங்கள் பிள்ளையை உட்கார வைக்க வேண்டுமா என்பதை நிதானமாக யோசியுங்கள். விருப்பமில்லாதவர் கையில் ஆறு மணி நேரம் பிள்ளையைக் கொடுப்பது வேறு விஷயம்.

அதே சட்டத்தில், தனியார் பள்ளிகளில் கட்டணம் இல்லாமல் சேர்க்க ஒதுக்கும் 25 சதவீத இடங்களில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' பட்டியலில் வருகிறார்கள். நலிவடைந்த பிரிவுக்கு இருக்கும் வருமான வரம்பு இவர்களுக்குக் கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. நிறைய பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். அங்கேதான் வீட்டில் தகராறு ஆரம்பிக்கும். "கார்டு வாங்கினால் பையனுக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடும், பின்னால கல்யாணம் காட்சி இருக்கு" என்பார் பாட்டி. நான் அவருக்குச் சொல்வது, அந்த அட்டையை நெற்றியில் ஒட்டப் போவதில்லை பாட்டி, பீரோவில்தான் இருக்கும், தேவைப்படும்போது எடுப்போம் என்று. 2016 சட்டத்தில் உள்ள 21 மாற்றுத்திறன் வகைகளில் ஆட்டிசம் ஒன்று. அரசு மருத்துவமனையில் நாற்பது கேள்விகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற, ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். குறைபாடு நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகள் திறக்கும், யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வரும். உங்கள் கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். நீங்கள் தாம்பரம் பக்கம் என்பதால் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான நீப்மெட் உங்களுக்கு எட்டும் தூரம்தான். மதிப்பீடு, தெரபி, ஆலோசனை எல்லாம் ஒரே வளாகத்தில். கூட்டம் இருக்கும், ஒரு நாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டு, பையன் சாப்பிடும் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். கோட்டூர்புரத்தில் 1985-லிருந்து நடக்கும் வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனம், பள்ளிகளோடு சேர்ந்து இந்த வேலையை வெகுகாலமாகச் செய்து வருகிறது. அங்கே போய்ப் பேசினாலும் கண் திறக்கும்.

படிப்பவர்களில் வேறு சிலருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்குப் பிறகுதான் சான்று தருவார்கள், அதுவரை பிள்ளைக்கு உதவி செய்யாமல் காத்திருக்கத் தேவையில்லை. தி.நகரில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனை அணுகலாம். கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏ.டி.எச்.டி. அந்த 21 வகைகளில் தனியாக இல்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் சட்டத்தைவிட ஆசிரியரின் மனதையே அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது, அது அநியாயம்தான்.

சிறப்புப் பள்ளியா, சாதாரணப் பள்ளியா என்ற கேள்விக்கு நான் கொடி பிடிக்க மாட்டேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் பையனைச் சாதாரண வகுப்பில் முயற்சி செய்யாமல் விடுவது தப்பு. மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் செய்வதற்கு அவனுக்கு வாய்ப்பு வேண்டும். ஆனால் ஒரு பையனை எனக்குத் தெரியும். பெயர் பெற்ற ஏ.சி. பள்ளியில் மூன்று வருடம் கடைசி பெஞ்சில் கலர் அடித்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் கூட்டல் கழித்தல் போட, அவனுக்கு மட்டும் யானைப் படம். யாரும் அவனைத் திட்டவில்லை, யாரும் எதுவும் கற்றுத்தரவும் இல்லை. அவனை ஒரு சிறப்புப் பள்ளிக்கு மாற்றியபோது அந்த அம்மா எவ்வளவு அழுதார் தெரியுமா. ஒரே வருடத்தில் அவன் தனியாகக் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி, சில்லறையும் எண்ணி வாங்கி வந்தான். 2016 சட்டமும் ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியோ, விரும்பும் சிறப்புப் பள்ளியோ என்று தேர்வைக் குடும்பத்திடம்தான் விட்டிருக்கிறது. வருடா வருடம் பார்த்து முடிவு செய்யுங்கள். மாற்றினால் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

இன்னொன்று. பள்ளியில் சேரப்போகிறான், வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டில் தமிழ் பேசும் தாத்தா பாட்டியிடமிருந்து அவனைப் பிரித்துவிட்டு அப்புறம் யாரோடு பேசுவான்? தமிழிலேயே கொஞ்சுங்கள், திட்டுங்கள், கதை சொல்லுங்கள். பள்ளியில் இங்கிலீஷ் தானாக வரும்.

தேர்வு பற்றி இப்போதே பயப்பட வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சான்றிதழ் உள்ளவர்களுக்குச் சலுகைகள் இருக்கின்றன. சி.பி.எஸ்.இ.யிலும் இதுபோல உண்டு. எதுவும் ஒத்துவராவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து பாடங்கள், ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாகக்கூட எழுதி முடிக்கலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை, ஒரு பக்கக் கடிதம். பள்ளி எதுவானாலும் வகுப்பு ஆசிரியையிடம் கொடுக்க. டாக்டர் ரிப்போர்ட்டை யாரும் படிக்க மாட்டார்கள், பதினான்கு பக்கம் இருக்கும், பயம்தான் வரும். நீங்கள் எழுதுவது இப்படி இருக்கட்டும்: "இவனுக்கு ரயில் பிடிக்கும், செங்கல்பட்டு வரை எல்லா ஸ்டேஷனும் வரிசையாகச் சொல்வான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொன்னால் செய்வான், மூன்று சேர்த்துச் சொன்னால் நின்றுவிடுவான். காதைப் பொத்தினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், இரண்டு நிமிடம் வராண்டாவில் நின்றுவிட்டு வரட்டும், தானாக வருவான். அழும்போது கட்டிப்பிடிக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலை நிரப்பி வரச் சொன்னால் சந்தோஷமாகப் போவான்." கடைசி வரி முக்கியம், எழுந்து நடக்க அவனுக்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கிறது. அந்த மிஸ் இதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டால், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். கூடவே டையும் பெல்ட்டும் வேண்டாம், பிரேயருக்கு முதல் மாதம் வரிசையின் ஓரத்தில் நிற்கட்டும், இல்லை நேராக வகுப்புக்குப் போகட்டும் என்று இப்போதே பேசி வையுங்கள். முதல் இரண்டு வாரம் மதியம் வரைக்கும் போதும். முழு நாளும் இருந்து அழுதுவிட்டு வருவதைவிட, அரை நாள் சிரித்துக்கொண்டு வெளியே வருவது நல்லது.

மே மாதம் பள்ளி காலியாக இருக்கும்போது அவனைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். கேட், அவன் வகுப்பு, டாய்லெட், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, ராத்திரி படுக்கும்போது வரிசையாகக் காட்டுங்கள். வாட்ச்மேன் அண்ணன் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் முதல் நாள் அந்தக் கூட்டத்தில் அவனுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.